தாங்குதலும் பழுதுபார்த்தலும்

லேப்டாப்பில் இசைப்பதிவு செய்கிற எல்லோருக்கும் ஒரு சத்தம் தெரிந்திருக்கும். பாட்டு நன்றாகப் போய்க்கொண்டிருக்கும். நடுவில் சின்னதாக ஒரு ‘டிக்’. சில நேரம் அதுவே கூடிக் கரகரப்பாகும். சில நேரம் அரை நொடிக்கு ஒன்றுமே கேட்காது. பிறகு பாட்டு தன்பாட்டுக்குத் தொடரும். பதிவுக்காரர்கள் இதை டிராப்அவுட் என்பார்கள். மேளமும் கிட்டாரும் நெருக்கமாக ஒலிக்கிற இடத்தில் இது காதுக்குத் தப்பிவிடும். ஒரே சுரம் நீளமாக இழைகிற இடத்தில் தப்பவே தப்பாது.

நான் பாளையங்கோட்டையில் ஒரு சபையில் ஆர்கன் வாசிக்கிறேன். வீட்டின் பின்கட்டு அறையில், ஜன்னலைப் போர்வையால் மூடிக்கொண்டு, பாடகர் குழுவின் கீர்த்தனைகளைப் பதிவு செய்து தருவதும் என் வேலை. அந்த ‘டிக்’ எனக்கு வாய்த்தது ஒரு கீர்த்தனையின் கடைசிச் சரணத்தில். பெண்கள் பாடி முடித்து மூச்சு வாங்குவார்கள்; ஆர்கன் மட்டும் கீழே ஒரு சுரத்தைப் பிடித்துக்கொண்டிருக்கும். சரியாக அந்த இடத்தில் அறுந்தது. காரணம் தேடிப் போன வேலை கடைசியில் என்னை வேறொரு கேள்வியில் கொண்டுபோய் விட்டது. ஒன்று இருக்கிறது என்றால், அது தொடர்ந்து இருப்பதற்கு ஒரு காரணம் வேண்டுமா? அல்லது ஒருமுறை உண்டாகிவிட்டால் போதுமா, பிறகு அது தானே இருந்துகொள்ளுமா?

அந்தச் சத்தம் எப்படி வருகிறது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். கணினிக்குள் ஒலி என்பது எண்களின் வரிசை. நொடிக்கு 48,000 எண்கள் என்று வைத்துக்கொண்டால், ஒவ்வோர் எண்ணும் அந்தக் கணத்தில் ஒலியலை எந்த உயரத்தில் இருந்தது என்பதைச் சொல்லும். இந்த எண்களை லேப்டாப் ஒவ்வொன்றாக அனுப்புவதில்லை. சிறு கட்டுகளாக அனுப்பும். அந்தக் கட்டுக்குப் பஃபர் என்று பெயர். பஃபரை 128 என்று வைத்தால் ஒரு கட்டு ஏறக்குறைய 2.7 மில்லிநொடி ஒலிக்கும். அது ஒலித்து முடிவதற்குள் அடுத்த கட்டு தயாராகி வந்து சேர வேண்டும். நொடிக்கு 375 முறை இப்படி. ஒரே ஒரு முறை பிந்தினாலும், எண்களை ஒலியாக மாற்றும் ஆடியோ இன்டர்ஃபேஸின் கையில் ஒலிக்க எதுவும் இருக்காது. அந்த வெறுமைதான் நம் காதில் ‘டிக்’.

ஆர்கனில் நான் பிடிக்கும் சுரம் எனக்கு ஒரே பொருளாகக் கேட்கிறது. தொடங்குகிறது, நீள்கிறது, முடிகிறது. லேப்டாப்புக்குள் அப்படி நீள்கிற பொருள் எதுவும் கிடையாது. திரும்பத் திரும்பச் செய்யப்படுகிற ஒரு வேலை மட்டும் இருக்கிறது. போன கட்டு சரியாக வந்தது என்பதற்காக இந்தக் கட்டு தானாக வந்துவிடாது. ராத்திரி முழுக்கப் பிசகாமல் ஓடிய இயந்திரம் என்ற நற்பெயர் இந்த 2.7 மில்லிநொடிக்கு உதவாது.

மேலப்பாளையத்தில் கணினி பழுதுபார்க்கும் நண்பர் ஒருவர் வந்து பார்த்தார். நான் அவரைப் பாய் என்பேன், அவர் என்னை சார் என்பார். செயலி எவ்வளவு உழைக்கிறது என்று காட்டும் பட்டையை அவரிடம் காட்டினேன். அது கால்வாசியைக்கூடத் தொடவில்லை. இவ்வளவு சும்மா இருக்கிற இயந்திரம் எப்படிப் பிந்தும் என்று கேட்டேன்.

“அது சராசரி சார்,” என்றார். “ஒரு நொடியோட கணக்கு. உங்க பாட்டுக்கு மூணு மில்லிசெகண்டுதான் கெடு. அந்த மூணுக்குள்ள அது எங்க போயிருந்துச்சுன்னு பாக்கணும்.”

பிறகு அலமாரியிலிருந்து பாமாலைப் புத்தகத்தை எடுத்து, மிடி கீபோர்டின் ஒரு கட்டைமேல் பாரமாக வைத்தார். ஆர்கன் சுரம் ஒன்று விடாமல் ஒலிக்கத் தொடங்கியது. லேட்டன்சிமான் என்ற நிரலை ஓடவிட்டார். எந்த டிரைவர், அதாவது ஒரு கருவியை இயக்கும் நிரல், செயலியை எவ்வளவு நேரம் விடாமல் பிடித்து வைத்திருக்கிறது என்று அது பெயர் சொல்லிக் காட்டும். டிரைவர்கள் கேட்கும் சில வேலைகளுக்குச் செயலி மற்ற எல்லாவற்றையும் நிறுத்திவிட்டுப் போக வேண்டும். வழக்கமாக அது மைக்ரோநொடிகளில் முடிந்துவிடும். எங்கோ ஒரு டிரைவர் அதை மில்லிநொடிகளாக இழுத்தால் பஃபரின் கெடு போய்விடும். ஹெட்போனின் ஒரு காதை அவரும் மறுகாதை நானும் வைத்துக்கொண்டு திரையைப் பார்த்திருந்தோம். ‘டிக்’ கேட்ட போதெல்லாம் வைஃபை டிரைவரின் எண் எகிறியது. அதற்கு அடுத்தபடியாகப் பேட்டரியின் நிலையை அவ்வப்போது விசாரிக்கிற டிரைவர்.

அவர் ஒன்றை மாற்றுவார், காது கொடுப்பார், பிறகுதான் அடுத்ததைத் தொடுவார். இரண்டைச் சேர்த்து மாற்றினால் எது வேலை செய்தது என்று தெரியாமல் போகும். வைஃபையை அணைத்தார். மின்சாரத்தை மிச்சம்பிடிப்பதற்காகச் செயலி வேகத்தைக் குறைத்துக் கண்ணயர்வதைத் தடுத்தார். அது விழித்தெழவும் நேரம் பிடிக்கும் அல்லவா? யுஎஸ்பி வாசல்கள் தூங்குவதையும் நிறுத்தி, ஹப் வழியாகப் போயிருந்த இன்டர்ஃபேஸை லேப்டாப்பிலேயே நேராகச் செருகினார். கடைசியில், பாடும்போது மட்டும் பஃபர் 128 இருக்கட்டும், மிக்ஸிங் செய்யும்போது 512க்கு ஏற்றிக்கொள்ளுங்கள் என்றார். பெரிய பஃபரில் கெடு 10.7 மில்லிநொடியாகத் தளரும். ஆனால் பாடுகிறவருக்குத் தன் குரலே ஹெட்போனில் பிந்திக் கேட்கும். புத்தகம் கட்டைமேல் இருந்தது. சுரம் பிசிறில்லாமல் ஒலித்தது.

அதைக் கேட்டுக்கொண்டே பாய் சொன்னதுதான் எனக்கு முக்கியம். “நம்ம காதுக்கு இது ஒரே சத்தம் சார். உள்ள ஒவ்வொரு தடவையும் புதுசா உண்டாகுது. எங்க ஹஜ்ரத்து மதரஸாவுல துனியாவைப் பத்தியே இப்படித்தான் சொல்லிக் கொடுத்தாரு.”

உலகத்தைப் பற்றி அவர் சொன்னது அஷ்அரி மரபின் கொள்கை. தமிழ் முஸ்லிம்களில் பலர் இறையியலில் அந்த மரபைச் சேர்ந்தவர்கள். சுவரின் வெண்மை இரண்டு கணம் நீடிப்பதில்லை. ஒவ்வொரு கணத்திலும் அல்லாஹ் அதைப் புதிதாகப் படைக்கிறான் என்பார்கள் அந்த அறிஞர்கள். நெருப்பில் பட்ட பஞ்சு எரிவது நெருப்பின் சொந்தச் சக்தியால் என்று நிரூபிக்க முடியாது, எரிதலைப் படைப்பவன் இறைவன் என்று 11ஆம் நூற்றாண்டின் இறுதியில் இமாம் கஸ்ஸாலி தத்துவவாதிகளை மறுத்து எழுதினார். ஐந்தரை நூற்றாண்டு கழித்து, 1641இல், பிரான்சின் தெக்கார்த்தே தம் மூன்றாம் தியானத்தில் வேறு வழியாக அதே இடத்துக்கு வந்தார். சற்று முன் நான் இருந்தேன் என்பதிலிருந்து இப்போது நான் இருந்தாக வேண்டும் என்று வராது. ஒன்றைப் புதிதாக உண்டாக்க எவ்வளவு வல்லமை வேண்டுமோ அவ்வளவு வல்லமை அதை ஒவ்வொரு கணமும் காத்து வைக்கவும் வேண்டும் என்றார். சைவர்களும் ஐந்தொழிலில் படைத்தலை அடுத்துக் காத்தலைத் தனித் தொழிலாக எண்ணினார்கள். படைத்ததோடு வேலை முடிந்துவிடாது என்பதில் இவர்கள் எல்லோரும் ஒன்றுபடுகிறார்கள்.

உலகம் எனக்குத் துண்டுதுண்டாகத் தெரியவில்லையே என்று ஒருவர் கேட்கலாம். அந்தத் தடையை இசைப்பதிவு நன்றாகவே நீக்கிவிடுகிறது. ஒலியை அளந்த ஓர் எண்ணுக்கும், அதாவது ஒரு சாம்பிளுக்கும், அடுத்ததற்கும் இடையில் கணினியில் எதுவும் எழுதப்பட்டிருப்பதில்லை. ஆனாலும் அந்த இடைவெளியில் எதுவும் இழந்துபோவதில்லை. ஒலியில் உள்ள அதிர்வெண்கள் எல்லாம் சாம்பிள் வேகத்தின் பாதிக்குக் கீழே இருக்குமானால், அந்த எண்களைக் கொண்டே அலை முழுவதையும் குறையின்றித் திரும்பப் பெறலாம் என்று கிளாட் ஷானன் 1949இல் வெளியான கட்டுரையில் நிறுவிக் காட்டினார். துண்டுதுண்டாகக் கொடுக்கப்படுவது முழுக்க வழுவழுப்பாகவே கேட்க முடியும். ஆகவே என் அனுபவம் வழுவழுப்பாக இருப்பதை வைத்து, உலகம் கணந்தோறும் கொடுக்கப்படவில்லை என்று தீர்ப்புச் சொல்ல முடியாது.

இன்னொரு தடை இயற்பியலிலிருந்து வரும். ஓடுகிற பொருள் தடையில்லாவிட்டால் ஓடிக்கொண்டே இருக்கும், அதற்கு யாரும் தள்ளத் தேவையில்லை என்பது நியூட்டனின் முதல் விதி. இதை நான் மறுக்கவில்லை. அந்த விதி, பொருள் ஒன்று இருக்கிறது, நாளையும் இருக்கும், விதியும் அதே விதியாக இருக்கும் என்று வைத்துக்கொண்டு, அதன் ஓட்டத்தைப் பற்றிப் பேசுகிறது. பொருள் ஏன் இல்லாமல் போய்விடவில்லை என்று அது கேட்பதில்லை; அது அதன் வேலையும் இல்லை.

நியூட்டனைச் சொன்னதும் ஒரு பெரிய வழக்கு நினைவுக்கு வருகிறது. கோள்களின் பாதையில் சிறு பிசகுகள் கூடிக்கொண்டே போய், ஒருநாள் அந்த அமைப்பைச் சீர்திருத்த வேண்டிவரும் என்று நியூட்டன் எழுதியிருந்தார். 1715இல் ஜெர்மானியத் தத்துவவாதி லைப்னிட்ஸ், வேல்ஸ் இளவரசி கரோலினுக்கு எழுதிய கடிதத்தில் இதைக் கடுமையாகத் தாக்கினார். அவ்வப்போது சாவி கொடுத்துத் துப்புரவு செய்து பழுதுபார்க்க வேண்டிய கடிகாரத்தைச் செய்தவன் எப்படி நல்ல தொழிலாளி ஆவான் என்று கேட்டார். நியூட்டன் பக்கம் நின்று சாமுவேல் கிளார்க் பதில் எழுதினார். கடவுளின் இடைவிடாத ஆட்சியில்லாமல் எதுவும் நடப்பதில்லை என்பது அவருக்குப் பெருமையே தவிரக் குறைவு ஆகாது என்றார். 1716 நவம்பரில் லைப்னிட்ஸ் இறக்கும்வரை கடிதங்கள் போய்வந்தன. அவற்றில் லைப்னிட்ஸ் தம் நிலையைத் தெளிவாக்கினார். படைப்புகளுக்குக் கடவுளின் இடைவிடாத தாங்குதல் தேவைதான், ஆனால் பழுதுபார்த்தல் தேவையில்லை என்றார்.

பலமுறை படித்திருந்தும் இந்த வேறுபாட்டின் எடை எனக்கு உறைத்தது பாமாலைப் புத்தகம் கட்டைமேல் இருந்த அந்த மத்தியானத்தில்தான். பஃபரை நிரப்புவது தாங்குதல். பாய் வந்து வைஃபையை அணைத்தது பழுதுபார்த்தல். இரண்டும் வேறு வேறு வேலைகள். பழுதுபார்த்தல் எப்போதாவது நடப்பது. அதற்கு ஒரு முறையீடு, ஒரு நாள், ஒரு கூலி உண்டு. தாங்குதல் நொடிக்கு 375 முறை நடக்கிறது. அதற்கு ஒரு நாளும் குறிக்கப்படவில்லை.

எங்கள் கோவிலில் மணியும் இருக்கிறது, பழைய கால்மிதி ஆர்மோனியமும் இருக்கிறது. மணியை ஓர் அடி அடித்துவிட்டு உபதேசியார் படியிறங்கிப் போய்விடலாம். நாதம் கொஞ்ச நேரம் தானே நீளும். ஆர்மோனியத்தில் அது நடக்காது. துருத்தியை மிதிக்கிற கால் நின்றால் சுரம் நின்றுவிடும். துருத்தி மிதிப்பதைப் பழுதுபார்த்தல் என்று யாரும் சொல்வதில்லை. அதுதான் வாசிப்பது. கடவுளுக்கும் உலகத்துக்கும் உள்ள உறவை மணியடித்தவனுக்கும் மணிக்கும் உள்ள உறவாக நினைத்து வளர்ந்தவர்கள் நம்மில் மிகுதி. எபிரெயருக்கு எழுதின நிருபத்தின் முதல் அதிகாரமோ, உலகத்தை உண்டாக்கியவரைச் சொன்ன கையோடு, எல்லாவற்றையும் தம் வார்த்தையால் தாங்கிக்கொண்டிருப்பவராகவும் அவரைச் சொல்கிறது. மிதிக்கிற கால் அங்கே துருத்தியைவிட்டு எடுக்கப்படவில்லை.

இதுவரை சொன்னதை ஒரு பௌத்தரும் ஒப்புக்கொண்டு, முடிவில் என்னைவிட்டுப் பிரிந்துபோவார். எல்லாம் கணந்தோறும் தோன்றி அழிகிறது என்பது அவருடைய கொள்கைதான். ஆனால் ஒரு கணம் அடுத்த கணத்துக்குக் காரணமாகிறது, பின்னால் தாங்குகிறவர் யாரும் வேண்டாம் என்பார். அப்படியானால் வினை செய்தவன் ஒருவன், பயன் நுகர்கிறவன் வேறொருவன் ஆகிவிடானா என்று சமணரும் சைவரும் அவரை மடக்கினார்கள். தமிழில் மணிமேகலை ஒரு பக்கமும் நீலகேசி மறுபக்கமுமாக நின்ற வழக்கு அது. லேப்டாப்பை வைத்து இந்த வழக்கைத் தீர்க்க முடியாது. தொடர்வதற்குக் காரணம் வேண்டாம் என்ற சோம்பலான எண்ணத்தை அது உடைக்கும். காரணம் யார் என்பதை அது சொல்லாது.

அதற்கு நான் வேறோர் ஆளிடம் போகிறேன். வட ஆப்பிரிக்காவின் ஹிப்போ நகரத்தில் ஆயராக இருந்த அகுஸ்தீன், 400ஆம் ஆண்டையொட்டி எழுதிய ‘அறிக்கைகள்’ நூலின் 11ஆம் புத்தகத்தில், காலம் என்றால் என்ன என்று தேடுகிறார். கடந்தது இல்லை, வருவது இன்னும் இல்லை, நிகழ்வதற்கு நீளமே இல்லை. அப்படியிருக்க ஓர் அசை நெடிலா குறிலா என்று எப்படி அளக்கிறோம்? ஆயர் அம்புரோஸின் ஞானப்பாட்டு ஒன்றை எடுத்துக்கொண்டு அவர் இதைச் சோதிக்கிறார். தெரிந்த சங்கீதம் ஒன்றைச் சொல்லத் தொடங்கும் முன் அது முழுவதும் என் எதிர்பார்ப்பில் இருக்கிறது. சொல்லச் சொல்ல எதிர்பார்ப்பு குறைந்து நினைவு கூடுகிறது. மனிதனின் முழு வாழ்வும் இப்படியே என்கிறார். எனக்கு இது பாடகர் குழுவில் தினமும் தெரிகிற உண்மை. ஆல்ட்டோ பாடுகிற பெண் இந்தச் சுரத்தை இப்படிப் பிடிப்பதற்குக் காரணம் முந்தின சுரம் மட்டும் அல்ல. பாட்டு முழுவதும் அவள் மனத்தில் இருக்கிறது. முழுவதையும் அறிந்தவர் ஒருவர் இல்லாமல் சத்தங்கள் வரிசையாக வரலாம், பாட்டு வராது. உலகம் எனக்குப் பாட்டாகக் கேட்கிறது. அதனால் பாடுகிறவர் ஒருவர் உண்டு என்று நம்புகிறேன். இது நிரூபணம் ஆகாது என்று அறிந்தே நம்புகிறேன்.

இப்படி நம்புகிறவன் பதில் சொல்ல வேண்டிய ஒரு கேள்வி மிச்சமிருக்கிறது. ஒவ்வொரு கணமும் அவர் கொடுப்பதுதான் என்றால், மூச்சு நின்றுபோன வீட்டில் என்ன சொல்வது? யாருடைய கெடு தவறியது? பாட்டு முடிவது வேறு, அறுந்துபோவது வேறு என்று மேசையருகே உட்கார்ந்து பிரித்துச் சொல்லிவிடலாம். சின்ன வயதில் போய்விட்ட ஒருவரின் வீட்டு முற்றத்தில் நின்று அதைச் சொல்ல எனக்கு நா எழாது. அடக்க ஆராதனைகளில் வாசித்து வாசித்து அது எனக்குத் தெரியும். நான் பற்றிக்கொள்வது 104ஆம் சங்கீதத்தை. மலையும் ஊற்றும் சிங்கக்குட்டியும் லெவியாதானும் நிறைந்த அந்தத் துதிப்பாட்டின் நடுவிலேயே, அவர் முகத்தை மறைத்தால் உயிர்கள் கலங்கும், மூச்சை வாங்கிக்கொண்டால் மாண்டு மண்ணாகும், ஆவியை அனுப்பினால் மறுபடி உண்டாகும் என்று வருகிறது. கொடுப்பதும் எடுப்பதும் ஒரே கையில் இருக்கிறது என்று சொல்ல அந்தப் பாடகர் கூசவில்லை. அதைப் பழுது என்றும் அவர் பெயரிடவில்லை. துக்கத்தை அது குறைத்துவிடாது. துக்கத்தோடு யாரிடம் போவது என்பதைச் சொல்கிறது.

சராசரியைப் பற்றி பாய் சொன்னதையும் நான் விட முடியாது. கெடுவுக்குள் ஓடுகிற நிரல்களில், பிந்தி வந்த சரியான விடையும் தவறான விடைதான். கால்வாசி உழைப்பில் சும்மா இருந்த இயந்திரம் தேவைப்பட்ட கணத்தில் இல்லாமல் போனது. மனிதர் ஒருவரை ஒருவர் தாங்குவதிலும் சராசரி செல்லாது. படுக்கையில் கிடக்கும் தகப்பனாருக்கு ராத்திரி இரண்டு மணிக்குத் தண்ணீர் வேண்டும். மகன் மொத்தத்தில் நல்லவன் என்பது அந்த இரண்டு மணிக்கு உதவாது. வள்ளுவர் காலமறிதல் என்று ஓர் அதிகாரமே வைத்தது அரசனுக்காக. எனக்கு அது வீட்டுக்குள்ளேயும் பொருந்துவதாகத் தோன்றுகிறது.

எங்கள் சபையின் ஜெபக்கூட்டத்தில் விண்ணப்பச் சீட்டுகளைச் சேர்த்து வாசிப்பார்கள். வியாதி, பரீட்சை, வேலை, கோர்ட்டு வழக்கு என்று எல்லாமே பழுதுபார்க்கச் சொல்லி வருகிற சீட்டுகள். அவற்றில் தவறு எதுவும் இல்லை. பழுதைச் சொல்லி அழ வேறு இடம் ஏது? ஆனால் தாங்குதலுக்கு நன்றி சொல்லும் சீட்டு அந்தக் கட்டில் அபூர்வம். ஞாயிற்றுக்கிழமை ஸ்தோத்திர காணிக்கையில் மட்டும் அது பிழைத்திருக்கிறது. போன பிறந்தநாளிலிருந்து இந்தப் பிறந்தநாள்வரை காத்து வந்ததற்காக என்று ஒரு பாட்டி முந்தானை முடிச்சை அவிழ்த்துப் பணம் போடுகிறார். அந்த ஒரு வருஷத்தில் விசேஷமாக எதுவும் நடந்திராது. விசேஷமாக எதுவும் நடவாத அந்த வருஷத்துக்குத்தான் அவர் நன்றி சொல்கிறார். கஸ்ஸாலியும் தெக்கார்த்தேயும் வாதாடி நிறுவப் பார்த்ததை அவர் காணிக்கையாகவே எண்ணி வைத்துவிடுகிறார்.

ஜெபக்கூட்டத்தில் பேசச் சொல்லி எங்கள் சபையின் குருவான ஐயர் கேட்டபோது நான் வைத்த வேண்டுகோள் இதுதான். பழுதைச் சொல்லும் சீட்டை எழுதுமுன், நின்றுபோகாமல் இருக்கிற ஒன்றை நினைத்து அதற்கு முதலில் நன்றி எழுதுங்கள். பிறகு, உங்கள் வீட்டில் ஓசைப்படாமல் எதையோ நின்றுபோகாமல் பார்த்துக்கொண்டிருக்கிற ஆள் யார் என்று பாருங்கள். அதிகாலையில் எழுந்து தண்ணீர் பிடிக்கிறவராக இருக்கலாம், மாத்திரையை நேரம் தவறாமல் எடுத்துக் கொடுக்கிறவராக இருக்கலாம். அவர் செய்வது கடவுள் உலகத்துக்குச் செய்கிற அதே வகையான வேலை. அவர் ஒருநாள் படுத்துவிட்டபின் அதைக் கண்டுபிடிக்க வேண்டாம். இன்றைக்கே, எல்லாம் சரியாக ஓடிக்கொண்டிருக்கும்போதே, அவரிடம் சொல்லிவிடுங்கள்.